கிணற்றுப் பக்கத்து விளக்குகள்

ஈப்போ
10 ஒக்டோபர் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் எமிலியும் பிள்ளைகளும் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்காக ஒவ்வொரு நாளும் செபிக்கிறோம்.

போன கிழமை உங்கள் முன்வீட்டு ஸ்ரீஸ்கந்தராசாவின் கடிதம் கிடைத்தது. நீங்கள் பொழுதுபட்ட நேரம் கிணற்றடிப் படியில் விழுந்து, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதாக எழுதியிருக்கிறார். செப்டெம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. “நான் சுகம்” என்று மாத்திரம் இருக்கிறது.

சீனியம்மா சமையலை முடித்து ஐந்து மணிக்கே தன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அதன் பிறகு அந்த நீட்டு வளவில் நீங்கள் தனியே. குசினி ஒரு மூலை, கிணறு ஒரு மூலை, கக்கூஸ் இன்னொரு மூலை. ஐம்பதை நெருங்கும் வயதில் இது தேவையா?

வெள்ளவத்தை வீடு நம் இருவர் பேரிலும் இருக்கிறது. நுகேகொடையில் ஒருவர் அதை வாங்க விரும்புகிறார். நீங்கள் ஓம் என்றால் ஈஸ்டருக்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடலாம். உங்களுக்கென்று ஓர் அறை வெறுமையாக இருக்கிறது. எமிலி ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டாள்.

அப்பாவின் கடைசிக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் இந்த வயதில்தான் தொடங்கியது. இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

எல்லாருடைய அன்பையும் ஏற்றுக்கொள்ளவும்.

உங்கள் தம்பி
செல்லையா


வெள்ளவத்தை
26 ஒக்டோபர் 1937

அன்புள்ள தம்பி செல்லையாவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

கிணற்றுப் படியில் பாசி. மழைக் காலத்தில் பாசி பிடிக்கும், அதில் கால் வைத்தால் சறுக்கும். ஸ்ரீஸ்கந்தராசா நான் விழுந்ததைத் தன் ஜன்னலால் பார்த்தாராம். தூக்கிவிட வரவில்லை. உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பார்.

வீட்டை விற்க எனக்குச் சம்மதமில்லை. எமிலிக்கு என் நன்றியைச் சொல். அந்தத் திரையைப் பிள்ளைகளின் அறைக்குப் போடட்டும்.

நீ எழுதியதில் ஒன்று சரி. வளவு இருட்டுத்தான். ஆனால் இருட்டுக்குப் பரிகாரம் விளக்கு, விற்பனைப் பத்திரம் அல்ல. கேற்றிலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து குசினி, கிணற்றடி, பின்பக்கம் வரைக்கும் தரையோடு மின்விளக்குப் போட முடிவு செய்திருக்கிறேன். வீட்டுக்குள் ஐந்து வருஷமாக மின்சாரம் இருக்கிறது. அது வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. அன்றியும் என்னிடம் மாலையில் பாடம் கேட்க வரும் பிள்ளைகள் பாம்புக்குப் பயப்படுகிறார்கள்.

வேலை தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா
புளோறன்ஸ்


ஈப்போ
11 நவெம்பர் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறோம்.

அப்பாவும் முதலில் பாசி என்றுதான் சொன்னார். அடுத்த முறை வேலி சரிந்து கிடந்தது என்றார். அதற்கடுத்த முறை நாய் குறுக்கே வந்தது என்றார். மானிப்பாய் டாக்டர் மாலைக்கண் என்று சொல்வதற்குள் இரண்டு வருஷம் போய்விட்டது. பிறகு பகல் வெளிச்சமும் போயிற்று. சித்தப்பா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிராவிட்டால் அவர் கதி என்ன?

அக்கா, ஒளிவுமறைவில்லாமல் கேட்கிறேன். பொழுதுபட்டால் உங்களுக்குக் கண் தெரிகிறதா?

வளவுக்கு லைற் போடுவது கவர்னர் வீட்டுக் காரியம், இல்லாவிட்டால் கலியாண வீட்டுக் காரியம். தனியே இருக்கிற ஒரு பெண், கண்ட வேலையாட்களைக் கூப்பிட்டு, தோட்டம் முழுக்க வெளிச்சம் போட்டால் சனம் என்ன கதைக்கும்? உங்களுக்குக் கவலையில்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது.

வளவை வாங்கும்போதே கிணற்றுப் பக்கம் உங்களுக்கு, ஈரப்பலா மரம் நிற்கிற பக்கமும் அந்தத் தனி அறையும் எனக்கு என்று பேசிக்கொண்டோம். உங்கள் பக்கத்தில் நீங்கள் செய்வதை நான் தடுக்க முடியாது. என் பக்கத்தில் ஒரு வயரும் போகக் கூடாது.

இங்கே எனக்கு இப்போது பகல் வேலை. ரயில் ஸ்டேசனிலிருந்து சாமான் கந்தோருக்கு மாற்றியிருக்கிறார்கள். இரவு விழிப்பு இல்லாதது உடம்புக்கு நல்லது என்கிறாள் எமிலி.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
செல்லையா


வெள்ளவத்தை
16 டிசெம்பர் 1937

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டும்.

வயரைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். உன் பக்கம் வராது.

கோட்டையில் உள்ள ஒரு பெரிய கொம்பனிக்கு எழுதினேன். கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர் வந்து, என் தலைக்கு மேலால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“மாஸ்டர் எப்ப வருவார்?”

“எந்த மாஸ்டர்?”

“வீட்டு மாஸ்டர்.”

“நான்தான்.”

அவர் தொப்பியை மடியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, இப்படியான வேலையைத் தங்கள் கொம்பனி நூறு விருந்தினருக்குக் குறையாத தோட்டங்களுக்கே செய்வது வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னோடு படிப்பிக்கும் மெற்றில்டாவை உனக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், கணக்கு ஆசிரியை. அவள்தான் மஷூர் என்பவரைப் பற்றிச் சொன்னாள். கொட்டாஞ்சேனைக்காரர்; கோயில் திருநாளென்றாலும் முஸ்லிம் வீட்டுக் கலியாணமென்றாலும் புத்த கோயில் வெசாக் பந்தலென்றாலும் விளக்கு அவருடையதாம். ஒருவர் சொன்னதை வைத்து ஆளைப் பிடிக்கிற வழக்கம் எனக்கில்லை. வேலையைப் பார்க்க வேண்டும் என்றேன். அதனால் திங்கட்கிழமை சாந்த லூசியாள் திருநாளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கண் நோய்க்கு நேர்ந்துகொள்ளும் கோயில் அது. மெற்றில்டா என்னைக் கேளாமலே ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

“கண்ணுக்கு நல்லது மிஸ்.”

“எனக்கு லைற்காரரைக் காட்டும்,” என்றேன்.

மஷூர் துருக்கித் தொப்பியோடு ஏணியின் உச்சியில் நின்று கீழே இருந்தவர்களை ஏசிக்கொண்டிருந்தார். குரல் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இறங்கி வந்ததும் என்னைக் கேட்ட முதற் கேள்வி இது:

“எத்தன பேர் வருவாங்க டீச்சர்?”

“ஒருத்தரும் வரமாட்டினம்.”

“அப்ப யாருக்கு லைட்டு?”

“எனக்கு.”

அவர் மெற்றில்டாவைப் பார்த்தார். மெற்றில்டா கோயில் கோபுரத்தைப் பார்த்தாள்.

மழை பெய்தால் உங்கள் விளக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். “மழையா? களனியில வெசாக்குக்குப் பெஞ்ச மழையில புத்த பன்சலையே நனஞ்சிச்சு. மஷூர்ட பல்பு நனையல்ல!” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கேயே ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் காட்டச் சொன்னேன். திருநாள் நேரத்தில் அவர் ஏணியில் ஏறி, எரிந்துகொண்டிருந்த வரிசையின் பொருத்துகளில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். ஒன்றும் அணையவில்லை. கோயில் சுவாமியார் ஓடி வந்து எங்கள் மூவரையும் ஏசினார். நான் மஷூரை அந்த இடத்திலேயே அமர்த்திக்கொண்டேன்.

அப்பாவின் கடைசிக் காலத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். சித்தப்பா வீட்டில் ஒரு கதிரையில் இருந்தார். எழும்புவதற்கு முன், “எழும்பட்டோ?” என்று கேட்பார். யாரும் அவரை அப்படிக் கேட்கச் சொன்னதில்லை. எல்லாரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். கதிரை எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதைக்கூட அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

நீ பகல் வேலைக்கு மாறியது நல்லது. இருபது வருஷம் இரவும் பகலும் ஸ்டேசன் பார்த்தவனை ஏன் திடீரென்று சாமான் கந்தோரில் இருத்தினார்கள் என்று நீ எழுதவில்லை.

நத்தார் வாழ்த்துகள். எமிலியிடம் என் அன்பைச் சொல்.

உன் அக்கா
புளோறன்ஸ்


வெள்ளவத்தை
23 ஜனவரி 1938

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து நத்தாருக்கும் கடிதமில்லை, புது வருஷத்துக்கும் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏதுமில்லை என்று நினைக்கிறேன்.

வேலை தொடங்கிவிட்டது. மின்சாரக் கந்தோரில் வீட்டுச் சொந்தக்காரரின் கையெழுத்துக் கேட்டார்கள். வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டி, பாதிச் சொந்தக்காரி நான், பாதி வளவுக்குத்தான் விளக்கு என்றேன். குமாஸ்தா பெரியவரிடம் போனார். பெரியவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். கையெழுத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கெங்கே விளக்கு வேண்டும் என்று காட்ட, மஷூர் வருவதற்கு முதல் நாள் பொழுதுபடும் நேரம் ஒரு சிரட்டையில் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு வளவெல்லாம் நடந்தேன். கால் எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு பிடி போட்டேன். அடுத்த நாள் காலை மஷூர் அந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன டீச்சர் இது? எல்லாம் படிக்கட்டிலயும் தண்ணி போற காணுக்குப் பக்கத்திலயும் கிடக்கு. லைட்டெண்டா மரத்துக்கு அடிக்கணும். மாமரத்துக்கு ஒண்டு, அரலியாப் பூமரத்துக்கு ஒண்டு. பாக்கிறவன் வாயப் பொளக்கணும்!”

“மரம் அங்கேயே நிக்கும். நான்தான் நடக்கிறது.”

“படியைக் காட்டுறதுக்கா கொட்டாஞ்சேனையில இருந்து என்னயக் கூட்டிட்டு வந்தீங்க?”

“ஓம்.”

முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். கிணற்றுக்கு ஈரப்பலாப் பக்கத்தால் போனால் வயர் புதைக்கிற கிடங்கு பாதிதான் வெட்ட வேண்டும் என்றார். அது தம்பியின் பக்கம், அங்கே போகக் கூடாது என்றேன்.

“தம்பி அவ்வளவு பொல்லாதவரா?”

“இல்லை. தூரத்தில இருக்கிறார்.”

முதல் நாள் அவர் வெறும் பல்புகளைக் கம்பங்களில் கண்மட்டத்துக்குக் கட்டி எரியவிட்டுவிட்டு, என்னை வாசலிலிருந்து வரச் சொன்னார். நான் இரண்டாவது படியில் நின்றுவிட்டேன். வெளிச்சம் கண்ணில் அடித்ததே தவிரத் தரையைக் காணவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, முழங்காலுக்குக் கீழே இறக்கி, மேலே தகரத்தால் கூடு போட்டு, வெளிச்சம் தரையில் மாத்திரம் விழும்படி செய்யச் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“லைட்டப் போட்டு மூடுறதா? கலியாணப் பொண்ணக் கூட்டிட்டு வந்து அலுமாரியில பூட்டுற மாதிரி இருக்கு!”

“மூடினால்தான் எனக்குக் கால் வைக்க இடம் தெரியும்.”

இதைச் சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் துத்தநாகத் தகட்டை வெட்டி வளைத்து, கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இரண்டு தரம் வர்ணம் பூசிய கூடுகளோடு வந்தார். அவற்றின் விளிம்பில் கடதாசிப் பூப்போல நெளிவு வெட்டியிருந்தார். நான் கேட்டதல்ல. அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்தேன்.

ஒரு வரியாவது எழுது.

உன் அக்கா
புளோறன்ஸ்


ஈப்போ
20 பெப்ரவரி 1938

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம். கடிதம் எழுதாததற்கு மன்னிக்கவும். கந்தோரில் கொஞ்சம் அலைச்சல். கோலாலம்பூருக்கு இரண்டு தரம் போய்வர வேண்டியிருந்தது.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. நீங்கள் எழுதமாட்டீர்கள் என்பதால் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் சொல்லியிருக்கிறேன். பொழுதுபட்ட பிறகு நீங்கள் எப்படி நடமாடுகிறீர்கள் என்று பார்த்து எனக்கு எழுதுவார். கோபிக்க வேண்டாம். தடுமாறுகிறீர்கள் என்று அவர் எழுதினால், அடுத்த கப்பலில் நானே வந்து விற்பனையை முடித்து உங்களைக் கூட்டிக்கொண்டு வருவேன். நுகேகொடைக்காரர் சித்திரை மாதம் வரைக்கும் பொறுப்பார்.

பிள்ளைகளின் அன்பு.

செல்லையா


வெள்ளவத்தை
8 மார்ச் 1938

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமா?

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு நீ கொடுத்த உத்தியோகம் பற்றி அறிந்தேன். கோபிக்கவில்லை. அவர் ஜன்னலில் நிற்பது நீ சொல்வதற்கு முன்பும் உள்ளதுதான்.

நேற்றுத் திங்கட்கிழமை வேலை முடிந்து மின்சாரக் கந்தோர்க்காரரும் பார்த்துவிட்டுப் போனார்கள். மஷூர், பொழுதுபடும் வரைக்கும் நான் பின்பக்கம் இருக்க வேண்டும், தான் கூப்பிடும்போதுதான் வர வேண்டும் என்றார். எனக்கு இந்த மாதிரியான விளையாட்டுகள் பிடிக்காது. ஆனாலும் இருந்தேன். கூப்பிட்டார். வந்து பார்த்தால், கேற்றுக்கு மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு வளைவு. மாமரத்தில் கீழிருந்து உச்சி வரைக்கும் மாலை மாலையாகப் பல்பு. நான் கேட்ட விளக்குகள் எல்லாம் கேட்ட இடத்தில் எரிந்தன. அவற்றுக்கு மேலே இந்தத் திருவிழா.

“சல்லி வேணாம் டீச்சர். இது நான் தார ஹதியா. வெறும் வெள்ளையா விட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். என்ட பேர் கெட்டுப் போகும்!”

நான் அவருக்குப் பதில் சொல்வதற்குள் கேற்றடியில் ஆட்கள். முதலில் வந்தவள் ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி பாக்கியலெட்சுமி. கையில் தட்டம், அதில் வெற்றிலை, வாழைப்பழம், கற்கண்டு. பின்னால் எங்கள் ஒழுங்கை வீட்டுச் சனம் எல்லாம்.

“இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லையே அக்கா! ஆர் மாப்பிள்ளை?”

“ஒருத்தரும் இல்லை.”

“பின்னை ஆருக்குக் கலியாணம்?”

“ஒருத்தருக்கும் இல்லை. வளவுக்கு லைற் போட்டனான்.”

“வெக்கப்படாதையுங்கோ,” என்றாள். பிறகு மஷூரைத் தலை முதல் கால் வரைக்கும் பார்த்தாள். மஷூர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, “அல்லாஹ்! நான் லைட்டுக்காரன் உம்மா. எனக்கு ஊட்டுல ஆள் இருக்கு,” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஏணிக்குப் பின்னால் போய் நின்றார்.

வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. சீனியம்மா போய்விட்டாள். நானே குசினிக்குப் போய்க் கோப்பி ஊற்றி, தட்டத்தில் வைத்து, பின்பக்கத்திலிருந்து கிணற்றடியால் முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். போதவில்லை, மறுபடி போனேன். கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தேன். மறுபடியும் கோப்பி. படிகள் ஏறி இறங்கி, காணைத் தாண்டி, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா மாமரத்தடியில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நானே கோப்பியைக் கையில் கொடுத்து, “தம்பிக்கு எழுதும்போது சீனி போதுமாக இருந்ததெண்டும் எழுதுங்கோ,” என்றேன்.

பாக்கியலெட்சுமி கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சீலை. கரையில் வரிசையாகச் சின்னச் சின்ன அன்னங்கள். ஒவ்வொரு அன்னத்துக்கும் கண் தைத்திருந்தது. மணி ஏழரை இருக்கும்.

எல்லாரும் போன பிறகு வளைவையும் மாலைகளையும் கழற்றச் சொன்னேன். மஷூர் முகம் வாடித்தான் கழற்றினார். என் விளக்குகள் இப்போது கிணற்றுப் பக்கம் முழுவதும் எரிகின்றன. உன் பக்கம் இருட்டாகவே இருக்கிறது, நீ விரும்பியபடி.

உன் அக்கா
புளோறன்ஸ்


ஈப்போ
18 மார்ச் 1938

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். பாக்கியலெட்சுமியின் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. உங்கள் கடிதம் ஒன்றும் இல்லை.

நான் உங்கள் சொந்தத் தம்பி. அந்நியர் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? கேற்றில் வளைவு கட்டி, ஊர்ச் சனத்துக்குக் கோப்பி கொடுத்து எல்லாம் நடந்திருக்கிறது. இந்த வயதில் உங்களுக்கு ஒரு துணை வேண்டுமென்று தோன்றினால் நான் குறுக்கே நிற்பேனா? அவர் யார், எந்த ஊர், எந்தச் சபை என்றாவது எழுதியிருக்கலாம். எமிலி அழுகிறாள். சந்தோஷத்திலா கவலையிலா என்று எனக்குப் பிடிபடவில்லை. சீலை ஒன்று வாங்கிவிட்டாள்.

செல்லையா


வெள்ளவத்தை
2 ஏப்ரல் 1938

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். மாப்பிள்ளை இல்லை. மார்ச் எட்டாந் திகதி நான் எழுதியதை வாசி.

சீலையை எமிலியே கட்டட்டும்.

உன் அக்கா
புளோறன்ஸ்


ஈப்போ
19 ஜூன் 1938

அன்புள்ள அக்காவுக்கு,

பிந்திக் கிடைத்த உங்கள் மார்ச் எட்டாந் திகதிக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதமாக மேசை லாச்சியில் கிடக்கிறது. பகலில் எடுத்து வாசிப்பேன்.

பாக்கியலெட்சுமியின் சீலைக் கரையில் அன்னம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வாழ்நாளில் யாருடைய சீலையைப் பற்றியும் நீங்கள் எழுதியதில்லை. மணியையும் எழுதியிருக்கிறீர்கள். ஏழரை. இருட்டில் கண் தெரிகிறவர்களுக்கு அது ஒரு விஷயமேயில்லை. எனக்கு விளங்கியது, அக்கா. ஏன் விளங்கியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் செப்டெம்பரில் ரயில்வே டாக்டர் எங்களையெல்லாம் பரிசோதித்தார். பெரிய மண்டபம் ஒன்றை இருட்டாக்கி, தூரத்தில் ஒரு சின்ன விளக்கைப் பிடித்துக்கொண்டு, “சிவப்பா, பச்சையா?” என்று கேட்டார். நான், “எங்கே?” என்று கேட்டேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. அடுத்த கிழமை என்னைச் சாமான் கந்தோரில் இருத்தினார்கள். கோலாலம்பூரில் பெரிய டாக்டர்மார் இரண்டு தரம் பார்த்தார்கள். இந்த வருஷக் கடைசியோடு வேலையிலிருந்து விலக வேண்டும். இரண்டு வருஷமாகவே எனக்குத் தெரியும், அக்கா. இரவில் போர்ட்டர் முன்னே லாந்தர் பிடித்துப் போவான், அவன் காலைப் பார்த்தே பின்னால் நடப்பேன். ஒருநாள் ஒரு ரயிலுக்கு ஏதும் நடக்காமல் விட்டது கர்த்தருடைய இரக்கம்.

உங்களை இங்கே வரச் சொன்னது உங்களுக்காக என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், இருட்டில் தனியே இருக்க எனக்குத்தான் பயம். சித்தப்பா வீட்டுக் கதிரையை நீங்கள் எழுதியபோது அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதனால்தான் புது வருஷத்துக்கு எழுதவில்லை.

எமிலியின் அண்ணர் கிள்ளானில் இருக்கிறார். தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்கிறார். நல்ல மனிதர். அறையும் காட்டினார். ஜன்னலடியில் ஒரு சாய்மனைக் கதிரை போட்டு வைத்திருக்கிறார்கள்.

நுகேகொடைக்காரருக்கு வீடு விற்பனைக்கு இல்லை என்று எழுதிவிட்டேன். இனி அதைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

வேறென்ன எழுத. சுகம் என்று தொடங்க மறந்துவிட்டேன்.

உங்கள் தம்பி
செல்லையா


வெள்ளவத்தை
3 ஜூலை 1938

அன்புள்ள தம்பி செல்லையாவுக்கு,

கண் இருட்டில் சுகமில்லை. மற்றப்படி நான் சுகம். நீயும் அப்படியே என்று அறிந்தேன்.

நீ நவெம்பரில் கேட்ட கேள்விக்கு இது பதில். மூன்று வருஷமாகிறது. கண் டாக்டரிடம் போனேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. பகல் வெளிச்சம் எவ்வளவு காலம் நிற்கும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. உனக்கு எழுதியிருந்தால் நீ அடுத்த கப்பலில் வந்திருப்பாய். அதனால் எழுதவில்லை. அது சரியா பிழையா என்று இப்போது தர்க்கிக்க நேரமில்லை, வேலை இருக்கிறது.

கிள்ளானுக்குப் போகாதே. எமிலியின் அண்ணர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்லவர்களின் கதிரையிலிருந்து எழும்புவதுதான் மிகவும் கஷ்டம்.

இந்த வீட்டில் பாதி உன்னுடையது. ஈரப்பலாப் பக்கத்து அறைக்குக் கூரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் இரண்டு அறை எமிலிக்கும் பிள்ளைகளுக்கும் போதும். மூத்தவனை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என் பொறுப்பு. எமிலி அந்தத் திரையைக் கழற்றிக் கொண்டுவரட்டும்; இங்கேயும் ஜன்னல் இருக்கிறது.

உன் பக்கம் வயர் போகக் கூடாது என்ற உத்தரவை நீ நீக்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு, நேற்று மஷூரைக் கூப்பிட்டேன்.

“டீச்சர், இந்த முற உண்மையாவே கலியாணமா?”

“இல்லை. தம்பி வாறார்.”

“தூரத்துத் தம்பியா?”

“ஓம். அவருக்கும் படியைக் காட்டுற லைற்தான் வேணும்.”

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஈரப்பலாவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அறையிலிருந்து கிணற்றுக்கும் குசினிக்கும் கேற்றுக்கும் எத்தனை வழி என்று பார்த்தார். பிறகு, “தம்பி நெட்டையா, கட்டையா? எட்டு எவ்வளவு தூரம் வெப்பாரு?” என்று கேட்டார். சிறு வயதில் நீ நடந்ததுதான் எனக்குத் தெரியும், அதை வைத்துச் சொல்ல முடியாது என்றேன். அப்படியென்றால் நீ வந்த பிறகுதான் உன் பக்கத்தைச் செய்ய முடியுமாம். வந்த மறுநாள் பொழுதுபடும் நேரம் நீயே சிரட்டையை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். கால் தயங்குகிற இடத்தில் சுண்ணாம்பைப் போடு. வெட்கப்படாதே. என்னையும் ஸ்ரீஸ்கந்தராசாவையும் தவிர வேறொருவரும் பார்க்கமாட்டார்கள்.

கிடங்கை மாத்திரம் இப்போதே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வருகிற நாளில் கப்பலடியில் எல்லாம் முடித்து வெள்ளவத்தை ஸ்டேசனில் இறங்கும்போது இருட்டியிருக்கும். எமிலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் மேலே வா. லாந்தர் தேவையில்லை. மஷூரின் வளைவையும் மாலைகளையும் அன்றைக்கு மறுபடி கட்டச் சொல்லியிருக்கிறேன், சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம். பாக்கியலெட்சுமி தட்டத்தோடு வந்து யாருக்குக் கலியாணம் என்று கேட்பாள். கேட்கட்டும். கேற் எங்கே என்று நீ யாரையும் கேட்க வேண்டியிராது.

எமிலிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கப்பல் பெயரை எழுது.

உன் அக்கா
புளோறன்ஸ்